லேபிளில் ஒன்பது சொற்களுக்கு இடம்

வேர்டேல் பள்ளத்தாக்கில் வியாழன் மாலை.
மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.
நான் ஆலையிலிருந்து வந்த ஆள்,
கையில் பென்சில், ஓரம் நனைந்த நோட்டு.
புதுப் புட்டிக்கு வாசகம் வேண்டுமாம்.
"குடிக்கிறவர்களையே கேள்," என்றார் முதலாளி,
"ஒன்பது சொல்லுக்குத்தான் இடம்,
பத்தாவது சொல் பார்கோடின் மேல் ஏறிவிடும்."

ஏலின் பெயர் ஹாக்ஸ்டோன்.
இந்த மலைக்கு அந்தப்புறம் கேட்டால்
யாருக்கும் தெரியாது.
நிறம் வைக்கோல் என்பார்கள். இல்லை.
மேகத்துக்குப் பின்னால் சூரியன் இருக்கிறது என்று
ஒரு பேச்சுக்குச் சொல்வோமே,
அந்த நிறம்.

திர்ஸா எமர்சன் முப்பது வருடம் தபால் சுமந்தவள்.
கோப்பைக்குள் மூக்கை விட்டு வெகுநேரம் எடுக்கவில்லை.
"பம்ப்ளிமாஸின் வெள்ளைத் தோல்," என்றாள்,
"சுளை இல்லை.
சுளையை வேறு யாரோ தின்றுவிட்டுப் போய்விட்டார்கள்."

கால்நடை மருத்துவர் மரியன்:
"ஈரக் கம்பளி. குறையாகச் சொல்லவில்லை,
எனக்குப் பிடித்த வாசனைகளில் அது மூன்றாவது."
மற்ற இரண்டை அவள் சொல்லவில்லை.
அவள் பூட்ஸைப் பார்த்தபின்
நானும் கேட்கவில்லை.

நியூகாசிலிலிருந்து சைக்கிளில் வந்த பையன்
"மாம்பழம்!" என்றான்.
பப் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மாம்பழமாம்," என்றார் குவாரி கத்பர்ட்,
"தம்பி, இது கல். சம்மட்டி விழுந்து
கல் பிளக்கிற நொடியில் ஒரு வாசம் எழுமே, அது.
எழுதிக்கொள்."
பையன் விடவில்லை. கத்பர்ட்டும் விடவில்லை.
நிரூபிக்க ஆளுக்கொரு சுற்று வாங்கினார்கள்.
மூன்றாவது கோப்பையின் பாதியில் கத்பர்ட் நிறுத்தி,
"ஒரே ஒருமுறைதான் தின்றிருக்கிறேன்,
டின்னில் அடைத்தது, என் முதல் கல்யாணத்தில்,"
என்று ஆரம்பித்துவிட்டு
அதற்குமேல் ஒன்றும் சொல்லாமல்
கோப்பையை முடித்தார்.

கல்லையும் எழுதினேன். மாம்பழத்தையும் எழுதினேன்.
பீப்பாய் மாற்றிக்கொண்டிருந்த எல்ஸ்பெத்
"தாகம் என்று போடு, ஒரே சொல், எட்டு மிச்சம்," என்றாள்.

ரேடியேட்டர் ஓரம் நோரிஸ் பீட்டி.
நாலு வருடம் முன்பு ஒரு காய்ச்சல்
அவர் மூக்கை மட்டும் எடுத்துக்கொண்டு போனது.
ரொட்டி கருகினாலும் தெரியாது, கேஸ் கசிந்தாலும் தெரியாது.
நல்லெண்ணத்தில் எல்லோரும் அவரைத் தாண்டிப் போவார்கள்.
நானும் தாண்டினேன்.
மரமேசையில் விரலால் இரண்டு தட்டு.

"என்னைக் கேட்கலையே?"

கேட்டேன்.

"முதலில் குளிர். முன்பல்லில் ஒரு கோடு.
அப்புறம் நுரை, மேலுதட்டில்
ஒவ்வொன்றாக உடையும். உடைகிற சத்தம்
காதுக்கு உள்பக்கமிருந்து கேட்கும்.
நடுவில் ஒன்றும் கிடையாது.
வாடகைக்கு விடாத அறை.
நீங்கள் கத்துவதைத்தான்
நாற்காலி நாற்காலியாக அங்கே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.
இன்றைக்குக் கம்பளி, ஒரு பாறாங்கல்,
டின்னில் மாம்பழம்.
கடைசியில் கசப்பு. அடிநாக்கில்.
அது மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.
ஸ்டான்ஹோப் பேருந்து மாதிரி,
வராது போலிருக்கே என்று நினைக்கும்போது
வந்து நிற்கும்."

பென்சில் முனை உடைந்தது.
மிச்சத்தை மனதில் எழுதிக்கொண்டு
மழையில் காருக்கு ஓடினேன்.

ஆறு வாரம் கழித்துப் புட்டி வந்தது:
கோடைக்கால எலுமிச்சை மணத்துடன்
புத்துணர்ச்சி தரும் உள்ளூர் ஏல்
குளிரவைத்துப் பருகவும்.

எண்ணிப் பார்த்தேன். சரியாக ஒன்பது.

நோரிஸ் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
லேபிளை விளக்கில் பிடித்துப் படித்தார்.
"இது யாருடைய மூக்கு?" என்றார்.
திர்ஸா சிரித்ததில் நுரை மேசையெல்லாம்.

இப்போதெல்லாம் முதல் மடக்கை
மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்கிறேன்,
வீட்டில், யாரும் பார்க்காதபோது.
குளிர். கோடு. சின்னச் சின்ன வெடிப்பு.
காலி அறை.
நிற்கிறேன்.