பாயிண்ட் மூன்று எட்டு

மூன்றாவது காலையும் சாவியைத் திருப்பினால்
டிக், டிக்.
ஷெட்டுப் பல்லியும் அதையேதான் சொன்னது.

புது பேட்டரியாக்கும், என்றேன்.
திங்கள்சந்தை டெல்பின் ராஜ் கேட்டதாகக் காட்டவில்லை.
மைனஸ் முனையைக் கழற்றி
நடுவில் மீட்டரைக் கோர்த்தான்.
பூட்டிய வண்டி, சாவி என் கையில்,
பாயிண்ட் மூன்று எட்டு.
"தூங்கல, கேட்டியளா. சும்மா கெடந்து குடிக்கு."

ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான்.
ஹாரன், அப்படியே.
வைப்பர், அப்படியே.
குளச்சல் காற்று பச்சை பூசிய எர்த் கம்பியைப்
பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தும் அப்படியே.
மூன்று நாளாய் நான் திட்டிக்கொண்டிருந்த
பாட்டுப்பெட்டி நிரபராதி.
ஏழாவதில் எண் விழுந்தது.

"டிக்கி லைட்டு.
தொறந்தா எரியும், அது சரி.
மூடினா அணையுதான்னு யாரு பாக்க?"
ஃபியூஸைத் திரும்பச் சொருகி
தன் வயிற்றைப் பார்த்தான்,
பிறகு என்னை.

நாற்பத்தாறு வயது எல்.ஐ.சி. ஏஜெண்டு
பஸ் ஸ்டாண்டு முழுக்கப் பார்க்க
ரப்பர் ஷீட் நாறும் கான்டெஸா டிக்கியில்
முழங்கால் மடக்கிப் படுத்தேன்.
கதவு விழுந்தது.
இருட்டுக்குக் காத்திருந்தேன்.
வரவில்லை.

தலைமாட்டில் விரல்நுனி அளவு பல்பு.
ஸ்டெப்னி, கயிறு,
போன மழையில் தேடித்தேடிக் கிடைக்காத
என் இடதுகால் செருப்பு,
எல்லாம் பளிச்சென்று.
பல்பைத் தொட்டேன், சுட்டது.
இத்தனை ராத்திரியும்
ஒரு செருப்புக்காகவா?

வெளியே இரண்டு தட்டு.
"எரியுதா?"

பதில் சொல்லக்
கொஞ்சம் தாமதித்தேன்.