களை

ஞாயிறு இணைப்பிதழில் அழகுக்கென்று முழுப்பக்கம்.
போன வருஷம் தடிக்கச் சொன்ன உதடு
இந்த வருஷம் மெலிய வேண்டுமாம்.
ஏற்றியதைக் கரைக்கவும் ஊசி வந்துவிட்டதாம்.
வந்து நாளாயிற்று.
என் குளிர்பெட்டியில் மேல்தட்டில் இருக்கிறது,
இன்சுலினுக்குப் பக்கத்தில்.
இன்சுலின் எனக்கு.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில்
மருந்துக்கடைக்கு மேல் மாடி.
பலகையில் பிளாஸ்டிக் என்ற சொல்லைப் பார்த்து
முதல் வாரமே ஒருவர்
விரிசல்விட்ட குடத்தோடு படியேறினார்.
குடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்,
என்ன சொல்வதென்று தெரியாமல்.

ஆனி பிறந்தால் மூக்குகள் வரும்.
ஆவணியில் முகூர்த்தம்.
வீக்கம் முழுசாக வடிய
ஒரு வருஷம்கூட ஆகலாம் என்பேன்.
மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சே டாக்டர் என்பார்கள்,
வீக்கத்துக்கும் பத்திரிகை வைத்துவிடலாம் என்பதுபோல.

காவலர் தேர்வு அறிவித்தால் முன்கைகள்.
பச்சை குத்திய பெருமையை லேசர் சுடும்போது
அறை முழுக்கக் கோழி பொசுக்கும் நாற்றம்.
சாதிப் பேரில் கடைசி எழுத்தை மட்டும்
விட்டுவைக்கலாமா என்றான் ஒருவன்.
வலி தாங்காமல் பாதியில் எழுந்து போனான்,
கேட்டதுபோலவே ஆயிற்று:
'ர்' மட்டும் நிற்கிறது புள்ளியோடு,
ஆளில்லாத மரியாதை.

முக்கூடல் வடிவுக்கு நான் செய்தது
எந்த இணைப்பிதழிலும் வராது.
பீடிக் கட்டுகளுக்கு நடுவே ஸ்டவ் வெடித்து
தாடை நெஞ்சோடு ஒட்டிப்போனவள்.
மூன்று வருஷம் தன் பாதத்தையே பார்த்து நடந்தாள்.
தொடைத் தோலெடுத்துக் கழுத்தில் வைத்து
கட்டுப் பிரித்த அன்று
மெதுவாக நிமிர்ந்தாள், மேலே பார்த்தாள்,
அழப்போகிறாள் என்று நர்ஸ் பஞ்சு நீட்ட,
'ஃபேன்ல எம்புட்டுத் தூசி' என்றாள்.

ஜெப ஷைலா கொண்டுவந்தது ஒரு போட்டோ.
அவளுடையதுதான்,
போன் திருத்திக் கொடுத்த அவள்.
'நடிகை மாதிரி கேக்கல டாக்டர்,
என்னை மாதிரிதான் கேக்கேன்.'
பெண் பார்க்க வந்த சித்தி சொன்னாளாம்:
எல்லாம் சரி, முகத்தில் களைதான் கொஞ்சம் கம்மி.

அந்த வாரம் சேரன்மகாதேவிப் பக்கம் போனபோது
பிசானப் பயிருக்குள் குனிந்து நின்று
பெண்கள் களை பறித்துக்கொண்டிருந்தார்கள்.
வயலில் இருந்தால் பிடுங்க வேண்டியது,
முகத்தில் இல்லாவிட்டால் வரன் போய்விடுவது,
இரண்டுக்கும் எங்களிடம் ஒரே சொல்.
கத்தி பிடிக்கிறவளுக்கு
இது ஆகாத குழப்பம்.

'எனக்குத் தெரிந்த மொழியில்
எனக்கு விளக்கிச் சொல்லப்பட்டது'
என்றிருக்கும் சம்மதப் படிவத்தை
அவளிடம் நான் நீட்டவில்லை.
இந்த மூக்குக்கு எதுவும் வேண்டாம்,
போய்ப் பரீட்சைக்குப் படி என்றேன்.
நல்லது செய்த திருப்தியில் மத்தியானம்
ஒரு தயிர்வடை அதிகம் தின்றேன்.

மதுரையில் செய்துகொண்டாள்.
கல்யாணப் பத்திரிகையோடு வந்து காட்டினாள்.
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன்,
தழும்பு தெரியவில்லை, நுனி அளவாக இறங்கியிருந்தது.
நன்றாகச் செய்திருக்கிறார்கள்.
யார் செய்தது என்று கேட்டபோது என் குரலில் இருந்ததைப்
பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

வெளியே பெஞ்சில் வடிவு, தழும்புக் களிம்புக்காக.
இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்தவள்
புதுப்பெண்ணைப் பார்க்க
ஒட்டுப்போட்ட கழுத்தை முழுசாக நிமிர்த்தினாள்.
நான் அளந்துவைத்த கோணத்தைவிடக் கொஞ்சம் அதிகம்.
'ஏளா, நல்ல களையா இருக்கியே!'

பழைய மூக்கையும் சேர்த்துத்தான் சொன்னாளா,
கேட்க வாய் வந்தது.
நர்ஸிடம் அடுத்த டோக்கன் என்றேன்.