கயிற்றுக்கு அந்தப் பக்கம்

போன மாசியில் தூத்துக்குடிவரை போன எங்கள் கடலை
லாரியை விட்டு இறங்காமலே திரும்பியது.
சீட்டில் ஒரு எண்: நாற்பத்தி மூணு.
நூறு கோடிப் பங்கில் நாற்பத்தி மூணு விஷம் என்றார் புரோக்கர்.
நூறு கோடியை நான் எங்கே கண்டேன்.
மூட்டை எனக்குத் தெரியும்.
அத்தனையையும் செக்குக்காரர்
மூக்கைச் சுளித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார்.

ஷமீமா வந்தது கார்த்திகை ஈரத்தில்.
மேலப்பாளையத்திலிருந்து மானூர் வழியாக, ஸ்கூட்டியில்,
முக்காட்டுக்கு மேலே ஹெல்மெட்,
காலடியில் ஒரு சாக்கு.
வறுத்த சோளம், முளைக்காது.
மணிக்கு மணி பூசணம் ஏற்றி
அடையாளத்துக்கு நீலச் சாயம் முக்கியிருந்தாள்.

"பூசணத்தையா விதைக்கச் சொல்லுதிய?"
என் வீட்டுக்காரர் கேட்டது சரிதானே.
ஊறுகாய் ஜாடிக்குள் ஈரக்கையை விட்டதுக்கே
மூணு நாள் ஏச்சு வாங்கின வீடு எங்களுது.

அவள் சிரிக்கவில்லை.
"ஜங்ஷன்ல பஸ் நிக்கு முன்னாலயே
சன்னல் வழியாத் துண்டு போடுவாங்கள்லா அக்கா,
அதுதான் இது.
விஷம் கக்குறவன் வந்து உக்காரு முன்னால
விஷமில்லாதவன் துண்டு போட்டுரணும்."
ரெண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளாம்.
அதே பச்சை, அதே பசி.
இவனுக்கு அந்தச் சமையல் மட்டும் தெரியாதாம்.

பிறகு கயிறு கட்டினாள்.
கயிறு சரியாக வரப்பின் மேலேயே விழுந்தது.
அந்தப் பக்கம் கொழுந்தன் பாகம்.
பத்திரம் பதிந்து ஆறு வருஷம்.
ஓரகத்தி ஆவுடைத்தங்கமும் நானும்
ஒரே கிணற்று மோட்டாரை முறைவைத்து ஓட்டுகிறோம்,
வாய் திறக்காமல்.
"அங்க போடவே கூடாது அக்கா.
போடாத மண்ணு இருந்தாத்தான்
போட்ட மண்ணு பேசும்."

தூவி முடித்தபோது அரைப்படி மிச்சம்.
அன்று ராத்திரி மோட்டார் முறை எனக்கு.
டார்ச்சை அணைத்துவிட்டு
கயிற்றுக்கு மேலே கையை வீசினேன்.
பாசம் என்று எழுதிவிடாதீர்கள்.
அவள் மகன் குத்தாலிங்கம்
அவித்த கடலை என்றால் சட்டியோடு உட்காருவான்.
ஈரலைத் தின்னுமாம் அது, சத்தமில்லாமல்.
ஷமீமா சொன்னதில் அது ஒன்றுதான்
வீடுவரை என்னோடு நடந்து வந்தது.

தை முழுக்க மழையில்லை.
மண் வெடித்து, உள்ளே ஓடும் கீறிற்று.
அவன் வருகிற நேரம் அதுதான்.
வந்தானா, இடம் கேட்டானா,
மண்ணுக்குக் கீழே யார் பார்த்தார்கள்.

பிடுங்கிய கடலையைத் தனித்தனிப் பையில் கொண்டுபோனாள்.
எங்களுது மூணு.
அவர்களுது ஒன்பது.
"முப்பதாவது வரணுமே" என்று
வரப்போரம் குனிந்தாள்.
எழுந்தபோது அவள் விரல்நுனியில்
நீலத் தோல் ஒன்று.

"எறும்பு இழுத்திட்டுப் போயிருக்குமோ அக்கா?"
"எறும்புதான்" என்றேன்.
என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தாள்.
நோட்டில் எதையோ எழுதி அடித்தாள்.
"ரெண்டு வருச வேலை" என்றது
என்னிடம் சொன்னதில்லை.

பங்குனியில் ரேஷன் கடை வரிசையில்
எனக்கு முன்னால் ஆவுடைத்தங்கம்
யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்:
"எங்க மண்ணுக்கு மருந்தும் வேண்டாம் மாயமும் வேண்டாம்,
தன்னால சுத்தம்."
நான் சீனிக்குப் பையை விரித்துப் பிடித்தேன்.

இந்த வருஷம் கயிறு வேறு ஊரில்.
சோளம் வேண்டுமென்றால் இனிக் காசுதான்.
ஸ்கூட்டிச் சத்தம் கேட்டால்
வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார், தபால்காரர்.

இன்று மோட்டார் முறை அவளுக்கு.
பாத்தி காய்ந்து கிடக்கிற என் பக்கம்
வரப்பைத் தாண்டித் தண்ணீர் கசிந்திருக்கிறது,
ஒரு முழ அகலத்துக்கு.
எறும்புதான் துளைத்திருக்கும்.