வைத்துக்கொள்வோம்

மூன்றாம் நாள் உரைகள் முடிந்ததும்
பதினான்கு வடிவியலாளர்களும்
ஆறு இயற்பியலாளர்களும்
ஹெசரகட்டாவிலிருந்து ஒரே மினிபஸ்ஸில்
இரவு விருந்துக்காக நகரத்துக்குக் கிளம்பினோம்.
ஹெப்பாள் மேம்பாலத்தில் மழை.

பக்கத்து இருக்கையில் மெய்யம்மை.
முழங்கை வரை சாக்குத்தூள்.
காலையில் கரும்பலகை முன் நான் சொன்ன
ஒரு வாக்கியத்துக்குச் சிரித்தவள்:
இப்படியொரு வெளி இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம்.

"எங்கே வைத்தாய்?" என்றாள் இப்போது, தமிழில்.
அரங்கின் ஆங்கிலத்தில்
இந்தக் கேள்விக்கு இடமிருக்கவில்லை.

போன முறை நான் வைத்துக்கொண்ட வெளி
உண்மையில் இருக்கிறதா என்று பார்க்க
அவளுக்குப் பதினோரு வருடம் ஆயிற்று.
இடையில் ஒரு விவாகரத்து, இரண்டு நாடு,
அச்சானபின் திரும்பப் பெற்ற ஒரு கட்டுரை.
நானோ ஒரு மதியத்தில் அதன்மேல் தொகையீடு செய்து
காபி குடித்து
விடை வந்ததும் வேறு வேலைக்குப் போய்விட்டவன்.
விடை சரி.
அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.
முடிச்சை அவிழ்க்காமலே
கயிற்றின் நீளம் சொல்கிறீர்கள், உங்கள் ஆட்கள்.

ஓட்டுநர் ராச்சப்பா இறக்கத்தைத் தவறவிட்டார்.
சுற்றிக்கொண்டு வந்தோம்.
அதே தண்ணீர்த்தொட்டி விளம்பரம்,
அதே தூண், எண் நாற்பத்தேழு.
வலப்பக்கம் இருந்தது இப்போது இடப்பக்கம்.
பின் இருக்கைகளில் கைதட்டினார்கள்.
"எல்லி ஹோகபேக்கு சார்?"
இருபது பேர், ஆளுக்கொரு வரைபடம்,
ஒருவரும் பதில் சொல்லவில்லை.

மெய்யம்மை கைதட்டவில்லை.
ஜன்னல் ஆவியில் விரலால் ஒரு பட்டை வரைந்தாள்.
நடுவில் ஒரு முறுக்கு.
"இந்தத் தடவை உன் வெளியும் இதுதான்.
ஒரு சுற்று போய்வந்தால்
கூட்டல் கழித்தலாகிவிடும்.
யாரைக் கேட்டு அங்கே குறி வைத்தாய்?"

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன்.
வைப்பர் இந்தப்பக்கம் அந்தப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.
பாதி உறுப்புகள் மறுபாதியைத் தின்றன.
மிச்சம் பூஜ்யம்.
மூன்று வருட வேலை,
ஒரு மாணவனின் முனைவர் பட்டம்.

நாளை ஒன்பதரைக்கு என் உரை.
ஆறாவது படவில்லையில்
அந்தச் சொல் தடித்த எழுத்தில் இருக்கிறது.

கண்ணாடியில் பட்டை ஒழுகத் தொடங்கியது,
முறுக்கு இருந்த இடம்தான் முதலில்.
அவள் சட்டைக்கையால் அதைத் துடைத்துவிட்டு
வெளியே நிற்கும் லாரிகளைப் பார்த்தாள்.
பசிக்கிறது என்றாள்.