நாலாவது அடி

குழந்தை பிறந்துவிட்டது, அதனால்தான் விற்கிறேன்
என்றான் செம்பவாங் ஃபிர்தவுஸ்.
குழந்தை அவன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.
நூற்று எண்பது வெள்ளி.
அது விழித்துவிடுமோ என்று பேரம் பேசவில்லை நான்.

காய்கறி வாங்கும் சக்கரக்கூடையில் கால்மிதி,
இரண்டு பைகளில் கறுப்புத் தட்டுகள்,
கக்கத்தில் குழாய்கள்.
புக்கிட் பாத்தோக் வரை ரயிலில்
எல்லோரும் கொஞ்சம் தள்ளியே நின்றார்கள்.
என்னவென்று யாரும் கேட்கவில்லை, நல்லவேளை.
சம்பளப் பட்டியல் போடுகிறவள்,
நாற்பத்தாறு வயது,
கணினி விளையாட்டில் டிரம் அடிக்கப்போகிறேன் என்று
எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

பெட்டியில் கேபிள் இல்லை.
செத்துப்போன பிரிண்டரின் முதுகிலிருந்து உருவினேன்.
அதே சதுர வாய். பொருந்தியது.

கணினி உடனே அடையாளம் கண்டது.
விளையாட்டு கண்டுகொள்ளவில்லை.
நான் அடி அடியென்று அடிக்க
வண்ணக் கட்டங்கள் திரையில் வரிசையாய் இறங்கி
ஒருவர் கையும் படாமல் விழுந்து மறைந்தன.
கூட்டம் ஊளையிட்டது.
வரைந்த கூட்டம்தான். இருந்தாலும் காது சூடானது.

இந்தத் தட்டுகள் ஓசை பேசுவதில்லை,
எண் பேசுகின்றன
என்று தெரிய ஒரு சனிக்கிழமை முழுதும் ஆனது.
ஸ்னேர், முப்பத்தெட்டு.
கால்மிதி, முப்பத்தாறு.
ஹைஹாட் மூடியிருந்தால் நாற்பத்திரண்டு
திறந்தால் நாற்பத்தாறு,
என் வயது.

எண்ணோடுதானே என் பிழைப்பு.
புதிதாய்ச் சேர்ந்தவர்களுக்கு நாற்காலி காட்டுவதுபோல
முப்பத்தெட்டே நீ சிவப்பில் உட்கார்,
நாற்பத்திரண்டே மஞ்சள்,
முப்பத்தாறே, உனக்கு அடியில் அந்த நீளக் கோடு முழுதும்
என்று ஒவ்வொருவரையும் அமர்த்தினேன்.
முதல் பாட்டில் அறுபத்தொரு விழுக்காடு.
நின்றபடியே ஒரு தட்டு மீ கோரேங் சாப்பிட்டேன்.

பிறகு தாமதம்.
அடித்ததற்கும் திரை ஒப்புக்கொள்வதற்கும் இடையே
ஒரு மயிரிழை.
இருபது மில்லிவினாடி தள்ளிவைத்தேன். நாற்பது. அறுபத்தைந்து.
கம்பியில்லாக் காதணியைக் கழற்றி எறிந்தேன்.
பிரிண்டர் கேபிளைத் திட்டினேன்.
குழந்தை பெற்ற ஃபிர்தவுசைக்கூட.

மூன்றாவது வாரம், இரவு ஒன்பதே முக்கால்.
இரும்புக் கதவுக்கு வெளியே
கீழ்வீட்டு ஜுன் வெய்,
கழுத்தில் பாலிடெக்னிக் அட்டை, ஒற்றைக் காலில் செருப்பு.
நான் மன்னிப்பை ஆரம்பிப்பதற்குள்,
'ஆண்ட்டி, பாட்டெல்லாம் எனக்குக் கேட்காது.
உங்கள் கால் மட்டும்தான் கேட்கும்.
நாலாவது அடி எப்போதும் லேட்.'
கதவுக் கம்பியில் விரலால் தட்டிக் காட்டினான்:
டம். டம். டம்.
...டம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.
என் பாதத்துக்கும் அவன் படுக்கைக்கும் நடுவில்
கேபிள் இல்லை, மென்பொருள் இல்லை,
வீவக ஊற்றிய கான்கிரீட் ஒரு சாண்.
அது எதையும் தாமதிக்காது,
எதையும் திருத்தித் தராது.
அறுபத்தைந்தை அழித்துப் பூஜ்யம் போட்டேன்.

அவனுக்குத் தேர்வு வருகிறது.
பதினாறு டென்னிஸ் பந்துகளைப் பாதியாய் அறுத்து
இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு நடுவே பரப்பி
அதன்மேல் கால்மிதியை ஏற்றினேன்.
ரொட்டிக் கத்தி போனது. விரலும் கொஞ்சம்.

நேற்று செய்தி அனுப்பியிருந்தான்:
'ஆண்ட்டி, இன்றைக்கு வாசிக்கவில்லையா?'

வாசித்தேன். நான்கு பாட்டு.
திரை எண்பத்தெட்டு என்றது, கூட்டம் கை தூக்கியது.
நாலாவது அடி
நேரத்துக்கு விழுந்ததா என்று
கேட்கலாம் என்றால்
இப்போது கீழே யாருக்கும் கேட்பதில்லை.