வெற்று எடை

காலை ஏழுக்கு முதல் லோரி மேடை ஏறும்.
குலைகளோடு இருபத்திரண்டு டன், சொச்சம்.
கொட்டிவிட்டுத் திரும்புகையில் எட்டரை.
கழித்து எழுதுவது என் வேலை,
சிலிம் ரிவர் செம்பனை ஆலையில்
பதினாறு வருடமாக.

ஆண்டுக்குப் பதினெட்டு நாள் விடுப்பு.
மகளின் பல்லுக்கு இரண்டு போகும்,
தீபாவளிக்கு மூன்று.
மாமனாரின் கண் ஆபரேஷனுக்கு
ஈப்போவில் தேதியை மூன்று முறை மாற்றினார்கள்.
எஞ்சியதைக் காலண்டரில்
பென்சிலால்தான் வட்டமிடுவேன்.
பேனாவால் போட்டால் யாருக்காவது காய்ச்சல் வரும்.

தனபாலனுக்குப் பயணம் ஆகாது.
தாப்பா தாண்டினாலே தலை சுற்றும் மனுஷன்.
"நீ போயிட்டு வா, நான் இருக்கேன்ல" என்பார்.
சொன்ன பிறகு இரண்டு நாள்
கதவுகள் கொஞ்சம் சத்தமாகச் சாத்தப்படும்.
நான் சம்பல் கிளறி நான்கு டப்பாவில் அடைப்பேன்.
எந்தச் சீருடை எந்தக் கிழமை என்று
அலமாரியில் தாள் ஒட்டுவேன்.
பக்கத்து வீட்டுக் கமலவேணி கேட்பாள்:
"பிள்ளைய விட்டுட்டு அப்படி என்னதான் பாக்கப் போற?"
கடல் என்றேன் ஒருமுறை.
"கடல் லூமுட்லயே இருக்கே."
இருக்கிறதுதான்.

இந்த முறை லொம்போக்.
மலிவு டிக்கெட் கிடைத்த கதையை
ஆலை முழுக்கச் சொல்லி முடித்திருந்தேன்
சாருல் என் ஜன்னலுக்கு வரும்வரை.
குலை தள்ளும் பையன். கையில் முள் கீறல்கள்.
"அக்கா, அது என் ஊர்" என்றான்.
ஐந்து வருடமாகப் போகவில்லையாம்.
டிக்கெட் காசு தங்கையின் ஒரு தவணைப் படிப்பு.
அதன்பின் அந்த விலையை
நான் யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு பொட்டலம் கொடுத்தான்:
இரண்டு டின் மைலோ,
மகனுக்குப் பள்ளிச் சப்பாத்து.
வீடியோவில் காலைப் பார்த்து
அளவை ஊகித்திருந்தான்.
விமானத்தில் ஏழு கிலோவுக்கு மேல் கூடாது.
ஆள் இல்லாத மதிய வேளையில்
பையை எடைமேடையில் வைத்துப் பார்த்தேன்.
நாற்பது டன் நிறுக்கும் மேடை.
பூஜ்ஜியம் அசையவில்லை.
மலையேற வாங்கிய என் சப்பாத்தை
வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

நான்கு நாள்.
கடல் பார்த்தேன். அதைப் பற்றிச் சொல்ல
எனக்கு இன்னும் சொல் அமையவில்லை.
மூன்றாம் நாள் மோட்டார் சைக்கிளில்
சாருலின் அம்மாவைத் தேடிப் போனேன்.
காப்பி, வறுத்த வாழைப்பழம், மறுபடி காப்பி.
சப்பாத்து இரண்டு விரல் பெரிது.
பையன் முனையில் காகிதம் திணித்து
முற்றம் முழுக்கத் தடதடவென்று நடந்து காட்டினான்.
அருவிக்கு நேரம் இல்லாமல் போயிற்று.
எனக்கு வருத்தம்தான், பொய் சொல்லவில்லை.

நள்ளிரவில் வீடு.
சம்பல் இரண்டு டப்பா தொடாமல் இருந்தது.
அப்பாவும் மகளும் ரொட்டி சானாயிலேயே
காலத்தை ஓட்டியிருக்கிறார்கள்.
விடிந்ததும் மகள் தன் பின்னலைத்
தானே போட்டுக்கொண்டு வந்து நின்றாள்,
கோணலாக.
கை நீண்டது. பிரிக்கவில்லை.

திங்கள் ஏழு மணி. ஜன்னலில் சாருல்.
மலையைப் பற்றி, கடலைப் பற்றி
எதுவும் கேட்கவில்லை.
"வாசல் கேட்டுக்குச் சாயம் அடித்துவிட்டார்களா?
போன மாதம் அதற்குத்தான் பணம் அனுப்பினேன்."

நான் கேட்டைப் பார்க்கவே இல்லை.
அதைத் திறந்துதானே உள்ளே போயிருப்பேன்.

இருநூற்றுப் பதினோரு படங்கள்.
அலை, அலை, மலை, மணலில் என் பாதம்.
ஒன்றே ஒன்றில் அவன் மகன் நடக்கிறான்,
அவனுக்குப் பின்னால், ஓரத்தில், மங்கலாக.
இரண்டு விரலால் பெரிதாக்கினோம்.
நீலம்.
பாதி வரைக்கும்தான்.

அஸ்மானின் லோரி ஹாரன் அடித்தது.
இருபத்திரண்டு டன், நானூற்று அறுபது கிலோ.
எழுதிவிட்டு நிமிர்ந்தேன்.
போன் இன்னும் அவன் கையில்.
அடுத்த லோரியும் வந்து நின்றது.
நான் திருப்பிக் கேட்கவில்லை.