பதினாறில் ஒரு பங்கு

ஷுவைக் துறைமுகக் கிடங்கில்
பதினோரு நாள் கிடந்துவிட்டு
அஹ்மதி அலுவலகத்துக்கு வந்தது பெட்டி.
கையெழுத்துப் போட்டு வாங்கியவள் நான்.
ஒரு கிராபிக்ஸ் கார்டு. என் ஏழு மாதச் சம்பளம்.
வெளியே நாற்பத்தெட்டு டிகிரி.
அட்டை இன்னும் சுட்டது.

ஆறட்டும் என்று அரைமணி விட்டுப்
பழையதைக் கழற்றினேன்.
விசிறியில் மாவு போல மணல்.
மூன்று கதவு, இரண்டு வடிகட்டி தாண்டி
ஐந்தாம் மாடிக்கு எப்படி ஏறியதென்று
இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை.

டாக்டர் அப்துல்முனயிம்
நாற்காலியோடு ஓரமாய் நகர்ந்துகொண்டார்.
சூடான்காரர். பூமிக்கடியில் என்ன இருக்கிறதென்று
படம் பார்த்துச் சொல்வது அவர் வேலை.
"ஃபிலோமினா, வலிக்குமா?" என்றார்
கணினியைக் காட்டி.
"மயக்க மருந்து கொடுத்தாச்சு சார்."
பிடுங்கிய மின்கம்பியை ஆட்டிக் காட்டினேன்.

வெள்ளிப் பையைப் பிரிக்குமுன்
இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டேன்.
உடம்பில் ஒளிந்திருக்கும் மின்சாரம்
முதலில் அங்கே இறங்கட்டும்.
செங்கல் கனம். செங்கல்லைவிட நீளம்.
நீளம்தான் வம்பு:
வன்தட்டுக் கூண்டில் அரை விரல் இடித்தது.
ஆர்டர் போட்டவர் அளந்து பார்க்கவில்லை.
கூண்டைக் கழற்றி ஒரு தட்டு மேலேற்றி மாட்டியதில்
ஆறு திருகாணி, ஒரு நகம்.

பிறகு அந்தச் சத்தம்.
தங்கப் பற்கள் பள்ளத்தில் இறங்க
கொக்கி தானே எழுந்து
டக்.
இந்த வேலையில் எனக்குக் கிடைக்கும்
ஒரே கைதட்டல்.

எட்டு முள் வயர்கள் இரண்டையும் சொருகி மூடினேன்.
விசிறி சுற்றியது. திரை கறுப்பு.
ஒரு நிமிடம். கறுப்பு.
ஏழு மாதச் சம்பளத்துக்கு என்ன நிறமென்று
இப்போது எனக்குத் தெரியும்.
குனிந்து பார்த்தால்
திரையின் வயரைப் பழைய பழக்கத்தில்
மதர்போர்டிலேயே சொருகியிருக்கிறேன்.
டாக்டர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
நல்ல மனிதர்.

டிரைவர் ஏறி முடிந்ததும்
அமைப்புகளில் ஒரு கேள்வி மிச்சம்:
நினைவகப் பிழை திருத்தம் வேண்டுமா?
"போட்டால், எங்கோ ஒரு பிட் புரண்டாலும்
கார்டே கண்டுபிடித்துச் சரிசெய்துவிடும்.
ஆனால் மொத்த நினைவில்
பதினாறில் ஒரு பங்கை
அதற்கென்றே கொடுத்துவிட வேண்டும் சார்."
"எந்தப் பங்கை?"
"அது நாம் தேர்ந்தெடுப்பதில்லை."
கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.
"மலிவுதான்" என்றார். "போடு."

தரவைத் திறந்தார்.
நேற்றுவரை இந்தக் கனசதுரம் ஒருமுறை திரும்ப
ஒரு தேநீர் ஆகும்.
இன்று மவுஸ் அசைந்தது, பூமி அசைந்தது.
வெங்காயம் அரிகிற வேகத்தில்
சீவிச் சீவி இறங்கினார்,
சாம்பலுக்குக் கீழே சாம்பல்,
ஓரிடத்தில் கை நின்றது.

வளைந்து வளைந்து ஒரு கோடு.
"நஹர்."
ஆறு.
ஆறே ஓடாத நாட்டின் அடியில்
கரை, வளைவு, கிளை எல்லாம் அப்படியே.
தண்ணீர்தான் இல்லை.
எண்ணெய் இருக்குமா என்று நான் கேட்கவில்லை,
ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கேட்பார்கள்.

அவர் இரண்டு ஆறுகள் சேரும் ஊர்க்காரர்.
எடுத்துவர முடியாமல் அங்கே விட்ட
வன்தட்டுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்,
ஒருமுறை. ஒரேயொருமுறை.
இப்போது மவுஸை மெல்ல உருட்டி
கரையோரமாகவே போனார்.
கிளை பிரியுமிடத்தில் நின்றார்,
வந்த வழியே திரும்பினார், மறுபடி போனார்.
எங்கேயும் திக்கவில்லை படம்.
விசிறி மட்டும் குரலை உயர்த்தியது.
எண்பத்தொரு டிகிரி, இயல்பு என்று
குறித்துக்கொண்டேன்.

வேலைச்சீட்டில்:
கார்டு பொருத்தப்பட்டது. குறை ஏதுமில்லை.

ஃபஹாஹீல் பேருந்தில் சில்லறை தேடினால்
சட்டைப்பையில் ஒரு திருகாணி.
கூண்டினுடையது. ஆறில் ஒன்று.
ஐந்தில் நிற்கும்.
ஞாயிறு போய் மாட்டிக்கொள்ளலாம்.
இன்று வியாழன்.